காட்டுயிர்ப் படம் எடுக்க எந்த கேமரா, எந்த லென்ஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொழுதுபோக்காகப் பறவையும் விலங்கும் படம் எடுப்பவர்களுக்கான பக்கம் இது. விடைகளில் எங்கள் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும். படத்தின் தரத்தைத் தீர்மானிப்பவற்றை நாங்கள் வைக்கும் வரிசை: முதலில் தூரம், அடுத்து வெளிச்சம், பிறகு லென்ஸ், கடைசியில் கேமரா. கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இந்த வரிசையில் இருந்துதான் கிளம்புகின்றன.

கையில் இருக்கும் பணத்தை பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) போடுவதா, லென்ஸிலா?

லென்ஸில். பாடி நான்கைந்து ஆண்டில் பழசாகிவிடும். தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கும் நல்ல டெலி லென்ஸ் இருபது ஆண்டு ஓடும். லென்ஸ் பெயரில் மி.மீ. என்பது குவியத் தூரம், அது கூடினால் தொலைவில் இருப்பது பெரிதாகும்; எஃப் என்பது வெளிச்சம் நுழையும் துளை, எண் சின்னதானால் துளை பெரிது. கேனனின் ஈஎஃப் 400 மி.மீ. எஃப் 5.6 வந்தது 1993இல். அதில் கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் கிடையாது, 3.5 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. ஆனாலும் 1,250 கிராம்தான் எடை. அடாப்டர் போட்டு இன்றைய மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) மாட்டினால் பறக்கும் பறவைக்கு இப்போதும் சளைக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கையில் நல்ல லென்ஸ் இருக்கிறது, பாடிதான் ஓடும் விலங்கைப் பின்தொடர முடியாமல் திணறுகிறது என்றால் அப்போது பாடியை மாற்றலாம். மெகாபிக்சல் போதவில்லை என்பதற்காக மாற்றுவது பெரும்பாலும் வீண்.

பறவைக்கு எத்தனை மி.மீ. வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். சென்சாரில் (கேமராவுக்குள் படத்தைப் பதியும் தகடு) விழும் பிம்பத்தின் அளவு = பொருளின் அளவு × குவியத் தூரம் ÷ பொருள் இருக்கும் தூரம். 20 செ.மீ. நீளமுள்ள பறவை 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, உங்களிடம் 400 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. பிம்பம் 5.3 மி.மீ. நீளம் வரும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (36 மி.மீ. அகல சென்சார்) ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 167 பிக்சல். ஆகவே பறவைக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 890 பிக்சல். 6,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

600 மி.மீ. போட்டால் இது சுமார் 1,330 பிக்சல் ஆகும். இதே 1,330 பிக்சலை 400 மி.மீ. லென்ஸிலும் எடுக்கலாம், 15 மீட்டரில் இருந்து 10 மீட்டருக்கு நெருங்கினால் போதும். 5 மீட்டர் தவழ்ந்து போவதும், ஒரு கிலோ கூடுதல் எடையுள்ள லென்ஸ் வாங்குவதும் பிம்ப அளவில் ஒன்றுதான். நெருங்கிப் போவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு: இடையில் இருக்கும் காற்று குறைகிறது. அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

நடைமுறையில், பெரிய விலங்குகளுக்கும் நீர்நிலைக் கொக்கு நாரைகளுக்கும் 300 முதல் 400 மி.மீ. போதும். சிட்டு, மீன்கொத்தி போன்ற சின்னப் பறவைகளுக்கு 500 முதல் 600. அதற்கு மேல் போனால் வெளிச்சமும் நிலைத்தன்மையும் சேர்ந்து தொல்லை தரத் தொடங்கும்.

எவ்வளவு நெருங்கலாம்?

இத்தனை மீட்டர் என்று எண் சொல்ல முடியாது, விலங்கின் நடத்தைதான் அளவுகோல். மேய்ந்துகொண்டிருந்தது தலை தூக்கி உங்களையே பார்க்கிறதா, இரை தேடிக்கொண்டிருந்த பறவை கழுத்தை நீட்டி உடலை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறதா, அங்கேயே நில்லுங்கள். அது மறுபடி தன் வேலையைத் தொடங்கும்வரை அசையாதீர்கள். தொடங்கவில்லை என்றால் வந்த வழியே இரண்டடி பின்வாங்குங்கள். நேராக நடக்காமல் சாய்வாக, கண்ணைப் பார்க்காமல், குனிந்தபடி போனால் கூடுதலாக நெருங்க விடும். கூட்டின் அருகே இந்த உத்தி எதையும் செய்யக் கூடாது. தாய் எழுந்து போனால் முட்டை குளிரும் அல்லது வெயிலில் வேகும். கூப்பிடும் ஒலியைப் போட்டு வரவழைப்பதும், இரவாடிகளின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பதும் எங்கள் பட்டியலில் இல்லை.

க்ராப் சென்சாரில் 400 மி.மீ. லென்ஸ் 600 ஆகிவிடுகிறதாமே?

ஆவதில்லை. லென்ஸ் அதே 400தான், பிம்பமும் அதே 5.3 மி.மீ.தான். சென்சார் சின்னது என்பதால் ஓரம் வெட்டுப்பட்டு, பறவை சட்டத்தை அதிகம் நிறைப்பதுபோலத் தெரிகிறது. நிகான், சோனி, ஃபூஜி க்ராப் பாடிகளில் இந்த வெட்டு 1.5 மடங்கு, கேனனில் 1.6, இன்னும் சின்ன சென்சார் வகையான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2.

ஆனால் உண்மையான லாபம் ஒன்று இருக்கிறது, அது பிக்சல் நெருக்கம். 24 மெகாபிக்சல் க்ராப் சென்சாரில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 255 பிக்சல். அதே பறவைக்கு 890க்குப் பதில் 1,360 பிக்சல் கிடைக்கும். வெளிச்சம் நன்றாக இருந்தால் இறகின் இழை கூடுதலாகத் தெரியும். வெளிச்சம் குறைந்தால் இந்த லாபம் கரைந்துபோகும். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அதை க்ராப் செய்தால் ஏறக்குறைய 20 மெகாபிக்சல் மிஞ்சும், பிக்சல் நெருக்கமும் 20 மெகாபிக்சல் க்ராப் கேமராவை ஒட்டியே இருக்கும்.

எடை குறைவாக, கையில் பிடித்தே எடுக்க வேண்டும் என்பவர்கள் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒலிம்பஸ் 300 மி.மீ. எஃப் 4 ஒன்றேகால் கிலோ சொச்சம்தான். 600 மி.மீ. பார்வைக் கோணத்தை அந்த எடையில் எஃப் 4உடன் தருவதற்கு ஃபுல் ஃப்ரேமில் ஆள் இல்லை.

3000 மி.மீ. ஜூம் உள்ள கேமராக்கள் இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு?

நிகான் பி1000 (2018) விளம்பரத்தில் இருப்பது 3000 மி.மீ. லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 539 மி.மீ. மிகச் சின்ன சென்சார் என்பதால்தான் 3000க்கு இணையான கோணம் வருகிறது. அந்த முனையில் துளை எஃப் 8. நிலாவுக்கும், நல்ல வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பருந்துக்கும், இனத்தை அடையாளம் காண்பதற்கும் அது அருமையான கருவி. அதிகாலையிலும் காட்டு நிழலிலும் கைவிட்டுவிடும். பறவை பார்ப்பதுதான் முதல் வேலை, படம் பதிவுக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஒரே கேமராவில் எல்லாம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 (2017). ஒரு அங்குல சென்சார், 24 முதல் 600 மி.மீ. இணைக் கோணம், நீண்ட முனையிலும் எஃப் 4.

ஜூமா, பிரைமா?

பிரைம் என்பது மி.மீ. மாற்ற முடியாத லென்ஸ். முதலில் வாங்கும் லென்ஸ் ஜூம். விலங்கு நம்மை நோக்கி நடந்து வந்தால் பிரைம் லென்ஸ்காரர் காலையும் காதையும் வெட்டிக்கொண்டு நிற்பார். தவிர, 600 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணம் அகலவாக்கில் வெறும் 3.4 பாகை. கிளையில் பறவையைத் தேடுவதே பெரும்பாடு. ஜூமில் 200இல் வைத்துக் கண்டுபிடித்து, பிறகு 600க்கு இழுக்கலாம்.

சிக்மா 150-600 கன்டெம்பரரி, டாம்ரான் 150-600 ஜி2 இரண்டும் சுமார் 2 கிலோ. நிகான் 200-500 எஃப் 5.6 சுமார் 2.3 கிலோ. சோனி 200-600 (2019) 2.1 கிலோ. சோனியில் ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளாது. கிம்பலில் (கனமான லென்ஸை எளிதாகத் திருப்ப உதவும் ட்ரைபாட் தலை) வைப்பவர்களுக்கு இது பெரிய வசதி, எடைச் சமநிலை மாறாது. கேனன் ஆர்எஃப் 100-500 ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும், விலையாக நீண்ட முனையில் எஃப் 7.1 கொடுக்க வேண்டும்.

பிரைமில் எங்கள் மனம் கவர்ந்தது நிகான் 500 மி.மீ. எஃப் 5.6 பிஎஃப் (2018). ஃப்ரெஸ்னல் வகைக் கண்ணாடி போட்டதால் 1,460 கிராமில் முடித்துவிட்டார்கள். நாள் முழுக்கத் தோளில் கிடந்தாலும் தெரியாது. வீட்டு அலமாரியில் தூங்கும் எஃப் 4 யானையைவிட, காட்டுக்குக் கூடவே வரும் 5.6 ஆயிரம் மடங்கு மேல்.

எஃப் 4க்கும் எஃப் 6.3க்கும் அவ்வளவு வித்தியாசமா?

எண்ணில் சின்னதாகத் தெரியும். எஃப் 4 உள்ளே விடும் வெளிச்சம் எஃப் 6.3ஐப் போல் இரண்டரை மடங்கு. அந்தி வேளையில் ஒருவர் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன், ஏற ஏறப் படத்தில் புள்ளி கூடும்) 2500இல் எடுக்கும் படத்தை, எஃப் 6.3 வைத்திருப்பவர் 6400இல் எடுப்பார். 600 மி.மீ. எஃப் 4 லென்ஸின் முன்கண்ணாடி 150 மி.மீ. அகலம் இருந்தே ஆக வேண்டும், எஃப் 6.3க்கு 95 மி.மீ. போதும். விலையும் எடையும் எங்கிருந்து வருகின்றன என்பது இதிலேயே புரிந்துவிடும்.

பின்னணி கரைவதும் மாறும். ஆனால் எஃப் 6.3இலேயே 10 மீட்டரில் 600 மி.மீ. தரும் தெளிவு ஆழம் சுமார் 10 செ.மீ.தான். பறவையின் கண் தெளிவாக இருந்தால் வால் நுனி மங்கத் தொடங்கிவிடும். அதற்கு மேல் கரைக்க வேண்டுமென்றால் பின்னணி தொலைவில் இருக்கும்படி நீங்கள் நகர்ந்து நில்லுங்கள், செலவு இல்லை.

கேனனின் ஆர்எஃப் 600, 800 எஃப் 11 லென்ஸ்கள் (2020) எடை குறைவு. 600 ஒரு கிலோகூட இல்லை. வெயில் நேரத்துக்கு நல்ல துணை. காலை ஆறு மணிக்கு ஐஎஸ்ஓ எங்கே போய் நிற்கும் என்பதை வாங்கும் முன் யோசித்துவிடுங்கள். ஃபோகஸ் பரப்பும் சட்டத்தின் நடுப்பகுதியோடு நின்றுவிடும்.

டெலிகன்வர்ட்டர் வாங்கலாமா?

லென்ஸுக்கும் பாடிக்கும் இடையில் மாட்டிப் பிம்பத்தைப் பெரிதாக்கும் கருவி இது. 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். எஃப் 2.8, எஃப் 4 பிரைம்களோடு 1.4 நன்றாகப் பொருந்தும். 600 எஃப் 6.3 ஜூமில் போட்டால் 840 எஃப் 9 ஆகும். பகல் வெளிச்சத்தில், அதுவும் பக்கத்தில் இருக்கும் சின்னப் பறவைக்கு ஏதோ ஒப்பேறும். தொலைவில் இருப்பதை எட்டிப்பிடிக்க என்று போட்டால் ஏமாற்றம்தான், மங்கலாக இருப்பது பெரிய மங்கலாகும். டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை கேமரா) இன்னொரு சிக்கல்: பல பாடிகளின் ஃபோகஸ் எஃப் 5.6க்கு மேல் அல்லது எஃப் 8க்கு மேல் வேலை செய்யாது. 2 மடங்கை ஜூமில் போடாதீர்கள்.

பழைய டிஎஸ்எல்ஆர் இன்னும் உதவுமா, மிரர்லெஸ்ஸுக்கு மாறியே ஆக வேண்டுமா?

நிகான் டி500 (2016), கேனன் 7டி மார்க் 2 (2014) இரண்டும் வினாடிக்கு 10 படம் எடுப்பவை. இப்போது பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும், கற்றுக்கொள்ள இவற்றைவிட நல்ல பள்ளி இல்லை. மிரர்லெஸ் தரும் பெரிய மாற்றம் விலங்கின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ். பறவை தலையைத் திருப்பித் திருப்பி ஆட்டும்போது நீங்கள் சட்டத்தை அமைப்பதில் மட்டும் கவனம் வைக்கலாம். ஃபோகஸை சென்சாரே அளப்பதால் லென்ஸுக்கும் பாடிக்கும் இடையே முன்பின் தவறும் வராது. எடுக்கும் முன்பே வெளிச்ச அளவு கண்ணில் தெரியும். ஒரே குறை பேட்டரி. இரண்டு உபரி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த செட்டிங்கில் வைத்துக்கொண்டு கிளம்புவது?

மேனுவல் மோட், ஆட்டோ ஐஎஸ்ஓ: துளையும் ஷட்டர் வேகமும் உங்கள் கையில், ஐஎஸ்ஓ கேமராவின் பொறுப்பில். துளை முழுக்கத் திறந்தது, அல்லது மூன்றில் ஒரு ஸ்டாப் மூடியது. ஷட்டர் வேகத்தை மட்டும் கட்டைவிரல் சக்கரத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள்.

அசையாமல் நிற்கும் பெரிய விலங்குக்கு ஸ்டெபிலைசர் உதவியோடு 1/250 வினாடி. கிளையில் உட்கார்ந்த சின்னப் பறவைக்கு 1/500 முதல் 1/800, உட்கார்ந்திருந்தாலும் அதன் தலை நிற்காது. நடக்கும் விலங்குக்கு 1/500, ஓட்டத்துக்கு 1/1000க்கு மேல். பெரிய பறவை பறக்கும்போது 1/1600 முதல் 1/2000, சிறகைப் படபடவென்று அடிக்கும் சின்னப் பறவைக்கு 1/3200 அல்லது அதற்கும் மேல்.

கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்தான் பலரும் தொடாத பொத்தான். வெளிர் வானத்தின் பின்னணியில் பறக்கும் பறவைக்கு கூட்டல் 1 முதல் கூட்டல் 1.7, இல்லையென்றால் கறுப்பு நிழலுருவம்தான் மிஞ்சும். இருண்ட நீரின் முன் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு கழித்தல் 1. கொக்கின் வெள்ளை வெந்துபோனால் ரா கோப்பில்கூட (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இறகு திரும்பி வராது. வெந்த இடத்தை மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை இயக்கி வைத்து, கொக்கின் முதுகு மினுக்கினால் மேலும் மூன்றில் ஒரு ஸ்டாப் குறையுங்கள். கோப்பு எப்போதும் ரா.

பறக்கும் பறவையில் ஃபோகஸ் பின்னால் மரத்துக்குப் போய்விடுகிறது. ஏன்?

பெரும்பாலும் பறவை சட்டத்தில் மிகச் சின்னதாக இருப்பதால். மென்பொருள் கண்ணைத் தேடுமுன்பே, மாறுபாடு அதிகமுள்ள கிளைகள் அதை இழுத்துவிடும். இந்த வரிசையில் செய்து பாருங்கள்:

முதலில் லென்ஸில் உள்ள ஃபோகஸ் லிமிட்டரை '10 மீட்டர் முதல் முடிவிலி' போன்ற நிலைக்கு மாற்றுங்கள். ஃபோகஸ் ஒருமுறை தவறினால் அருகு எல்லைவரை போய்த் திரும்பும் வீண் ஓட்டம் நிற்கும். இரண்டாவது, பறவை வரப்போகும் தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றில், ஒரு கிளையோ புல்லோ, முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, வானம் பின்னணி என்றால் அகலப் பரப்பு, கிளைகளுக்கு நடுவில் என்றால் ஒற்றைப் புள்ளி. நான்காவது, ஃபோகஸைப் பின்பக்க பொத்தானுக்கு மாற்றி ஷட்டரில் இருந்து பிரித்துவிடுங்கள். குறுக்கே கிளை வந்தால் கட்டைவிரலை எடுத்துவிட்டுத் தொடர்ந்து சுடலாம்.

கேமராவை முகத்துக்குக் கொண்டுவரும் விதமும் உண்டு. கண் பறவை மேலேயே இருக்க, லென்ஸைக் கண்ணுக்கும் பறவைக்கும் இடையில் தூக்குங்கள். குனிந்து வியூஃபைண்டரைத் தேடினால் பறவை போயிருக்கும்.

வேகம் மட்டும் போதாது, கையும் கூடவே திரும்ப வேண்டும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் தள்ளிக் குறுக்கே பறக்கும் பறவையை, கேமராவை அசைக்காமல் 500 மி.மீ.யில் 1/2000இல் எடுத்தால், பிம்பம் சென்சாரில் 0.125 மி.மீ. நகர்ந்திருக்கும். முன்சொன்ன 24 மெகாபிக்சலில் அது சுமார் 21 பிக்சல் இழுவை. சேர்ந்து திருப்பினால்தான் அது ஒன்றிரண்டு பிக்சலாகக் குறையும். இடுப்பில் இருந்து திரும்புங்கள், முழங்கையை விலாவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வினாடிக்கு 20, 30 படம் எல்லாம் தேவையா?

சிறகின் நிலையைத் தேர்ந்தெடுக்க உதவும், அவ்வளவுதான். 10 படம் பெரும்பாலான வேலைக்குப் போதும். 20 படம் × 30 எம்பி என்றால் வினாடிக்கு 600 எம்பி. யூஎச்எஸ் 1 எஸ்டி கார்டின் பாதையே உச்சத்தில் 104 எம்பிதான். பஃபர் (கார்டுக்குப் போகும் முன் படங்கள் தங்கும் நினைவகம்) நிரம்பி, சிறுத்தை பாயும் நொடியில் கேமரா திக்கித்திக்கி எடுக்கும். பழியைக் கேமரா மேல் போடுமுன் கார்டைப் பாருங்கள். வி60, வி90 என்ற எண்கள்தான் குறைந்தபட்சம் எழுதும் வேகத்தைச் சொல்பவை. அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். இன்னும் வேகமான சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டு போடும் வசதி இருந்தால் அதையே போடுங்கள்.

சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தால் சிறகு வளைந்து ஒடிந்ததுபோல் வருகிறதே?

எலெக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுகிறது. சாதாரண சென்சாரில் இதற்கு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்கு நேரம் ஆகலாம். மேல்வரி படிக்கும்போது இருந்த இடத்தில் கீழ்வரி படிக்கும்போது சிறகு இல்லை. 1/4000இல் வைத்தாலும் இது சரியாகாது, ஷட்டர் வேகம் வேறு, படிக்கும் வேகம் வேறு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். சோனி ஏ9, ஏ1, நிகான் இசட்8, இசட்9 போன்ற, வேகமாகப் படிக்கும் அடுக்கு சென்சார் கேமராக்களில் இது பெரும்பாலும் தெரியாது. சோனி ஏ9 மார்க் 3இல் எல்லா வரியும் ஒரே கணத்தில் படிக்கப்படுவதால் அறவே கிடையாது.

எல்லாப் படமும் சற்று மங்கலாக வருகிறது. லென்ஸ் பழுதா?

பத்தில் எட்டு முறை லென்ஸ் குற்றவாளி அல்ல. படத்தை 100 சதவீதத்தில் பெரிதாக்கி, மங்கல் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

ஒரே திசையில் இழுத்ததுபோல் இரட்டைக் கோடு தெரிந்தால் கை ஆட்டம் அல்லது பறவையின் அசைவு. பின்னணிக் கிளையும் இழுபட்டிருந்தால் கை, கிளை தெளிவாக இருந்து பறவை மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை.

பறவை மங்கல், ஆனால் அதற்கு முன்னோ பின்னோ உள்ள புல் தெளிவு என்றால் ஃபோகஸ் தவறு. டிஎஸ்எல்ஆரில் இது தொடர்ந்து ஒரே பக்கம் நடந்தால் ஏஎஃப் ஃபைன்டியூன் (ஃபோகஸ் விழும் இடத்தை நுணுக்கமாகத் திருத்தும் வசதி) வேண்டும். ட்ரைபாடில் வைத்து, வழக்கமாக நீங்கள் படம் எடுக்கும் தூரத்தில் அச்சிட்ட தாள் ஒன்றையும், பக்கத்தில் சாய்வாக ஓர் அளவுகோலையும் வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு ஐந்து படம் எடுங்கள். அளவுகோலில் எந்தக் கோடு தெளிவு என்று பார்த்துத் திருத்துங்கள். ஒரு படத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள்.

எங்குமே தெளிவில்லை, கோடுகள் நெளிகின்றன, அடுத்தடுத்த படங்களில் மங்கல் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் அது கானல். சூடேறிய தரைக்கு மேல் கொதிக்கும் காற்றுதான் காரணம். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் இதை வெல்லாது. தார்ச்சாலை, மணல், வெயில் காய்ந்த வயல், காலைக் குளிரில் வெதுவெதுப்பான நீர்ப்பரப்பு எல்லாம் இதன் இடங்கள். 50 மீட்டர் தள்ளி எடுத்தது குப்பை, 10 மீட்டரில் எடுத்தது கண்ணாடிபோல் என்றால் சந்தேகமே வேண்டாம். வண்டிக்குள் ஏசி போட்டு ஜன்னலைத் திறந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கானல் லென்ஸின் வாயிலேயே உருவாகும். ஏசியை அணைத்து, உள்ளும் புறமும் வெப்பம் சமமாகப் பத்து நிமிடம் விடுங்கள்.

இவை எதுவும் இல்லை, ஒரு பக்க ஓரம் மட்டும் எப்போதும் மங்கல் என்றால் அப்போதுதான் லென்ஸ். கண்ணாடி ஒன்று மையம் விலகியிருக்கும். சர்வீஸுக்குக் கொடுங்கள்.

யூவி ஃபில்டர் போட வேண்டுமா?

வேண்டாம். மலிவான ஃபில்டர் 600 மி.மீ. லென்ஸை நாசமாக்கும். பாதுகாப்புக்கு லென்ஸின் முன் மாட்டும் ஹூட் போதும், எதிலாவது மோதினால் முதலில் அடி வாங்குவதும் அதுதான்.

ட்ரைபாட், மோனோபாட், பீன் பேக்: எது?

வண்டியில் இருந்து எடுப்பவர்களுக்கு பீன் பேக், வேறெதுவும் பக்கத்தில் வராது. தடித்த துணிப்பையில் இரண்டு கிலோ அளவு பயறோ அரிசியோ முக்கால் பங்கு நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் கல்போல் உருளும், லென்ஸ் அதில் புதையாது. எடுக்கும்போது இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

நடப்பவர்களுக்கு மோனோபாட். மறைவிடத்தில் மணிக்கணக்கில் உட்காருபவர்களுக்கு கிம்பல் ஹெட் பொருத்திய, நடுத்தண்டு இல்லாத ட்ரைபாட். கிம்பலில் சமநிலை பார்க்காமல் எடுப்பவர்கள் அதிகம். எல்லாத் திருகையும் தளர்த்தி, நீங்கள் பயன்படுத்தப்போகும் ஜூம் நிலையில் வைத்து, தகட்டை முன்பின் நகர்த்துங்கள். கையை எடுத்தாலும் லென்ஸ் மட்டமாக நிற்க வேண்டும். பிறகு மேலும் கீழும் சாய்த்துவிட்டுக் கையை எடுங்கள். சாய்த்த இடத்திலேயே நின்றால் உயரமும் சரி. தானே மேலும் கவிழ்ந்தால் லென்ஸைக் கீழே இறக்க வேண்டும்.

ஸ்டெபிலைசர் பற்றி: சில பழைய லென்ஸ்களில் அசையாத ட்ரைபாடில் அதை அணைக்காவிட்டால் அதுவே ஆட்டத்தை உண்டாக்கும். பறவையைத் தொடர்ந்து திருப்பும்போது பேனிங் நிலைக்கு மாற்றுங்கள். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திய பிறகு அரை வினாடி விட்டு எடுத்தால் பிம்பம் நிலைத்திருக்கும்.

லென்ஸைத் தூக்கும்போது அதன் அடியில் உள்ள கால்பிடியைப் பிடியுங்கள். இரண்டு கிலோ லென்ஸை பாடியின் பட்டையில் தொங்கவிட்டால் முழு எடையும் மவுண்ட் (லென்ஸும் பாடியும் பூட்டும் இடம்) மேல் இறங்கும்.

ஐஎஸ்ஓ எதுவரை போகலாம்?

ஐஎஸ்ஓவைக் குறைக்க ஷட்டர் வேகத்தைக் குறைப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. புள்ளி புள்ளியாக வந்த படத்தை இன்றைய நாய்ஸ் நீக்கும் மென்பொருள் பெருமளவு காப்பாற்றும், இழுபட்ட படத்தை யாராலும் காப்பாற்ற முடியாது. ஃபுல் ஃப்ரேமில் 6400 தயங்காமல், க்ராப்பில் 3200. பறவை சட்டத்தைப் பாதி நிறைத்திருந்தால் இன்னும் ஒரு ஸ்டாப் ஏறலாம். கால்வாசிகூட இல்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள், வெட்டிப் பெரிதாக்கும்போது புள்ளிகளும் பெரிதாகும்.

பட்டாம்பூச்சி, தும்பிக்குத் தனி மேக்ரோ லென்ஸ் வேண்டுமா?

அவசியமில்லை. அருகில் ஃபோகஸ் ஆகும் டெலி ஜூம் போதும். கேனன் ஈஎஃப் 100-400 மார்க் 2 ஒரு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகி 0.31 மடங்கு தரும். தும்பியைக் கலைக்காமல் நிற்கத் தோதான தூரம் அது. எஃப் 8 முதல் எஃப் 11, சென்சாரின் தளத்துக்கு இணையாக இறக்கை இருக்கும்படி கேமராவைத் திருப்புங்கள். சிலந்தியின் கண், எறும்பு என்று இறங்கினால்தான் 100 மி.மீ. மேக்ரோ.

பழைய லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஒரு டார்ச், உங்கள் பாடி, ஒரு கார்டு எடுத்துப் போங்கள். துளையை முழுக்கத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைவிடும் இழை தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். நாலைந்து தூசித் துகள் இருந்தால் கவலையில்லை, படத்தில் தெரியாது. முன்கண்ணாடிக் கீறலைவிடப் பின்கண்ணாடிக் கீறல் மோசம். துளை இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. லென்ஸைக் கவிழ்த்தால் ஜூம் தானே வழிகிறதா, மவுண்ட் திருகுகளில் ஸ்க்ரூ டிரைவர் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். தழும்பு இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஸ்டெபிலைசரை இயக்கினால் மெல்லிய முனகல் சாதாரணம், கடகடப்பு அல்ல.

பிறகு அருகிலும் தொலைவிலும் மாறி மாறி இருபது முறை ஃபோகஸ் செய்து பாருங்கள். தட்டையான சுவர் ஒன்றை முழுத் துளையில் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் கீழே விழுந்த லென்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பூஞ்சை வராமல் எப்படி வைத்துக்கொள்வது?

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் உலர் பெட்டி நல்லது. இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், பத்து ரூபாய் நாணயம் அளவுள்ள சிறு ஈரமானி. ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்திவிட்டு மறுபடி போடுங்கள். தோல் உறையிலும் கேமரா பையிலும் மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு இல்லை.

ஏசி அறையில் இருந்து புழுக்கமான வெளிக்காற்றுக்கு லென்ஸை எடுத்தால் கண்ணாடி பனித்துவிடும். துடைத்தாலும் மறுபடி பனிக்கும், உள்ளே படிந்ததைத் துடைக்கவும் முடியாது. கிளம்புவதற்கு அரைமணி முன்பே பையை மூடியபடி ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். பனித்தபிறகு லென்ஸைக் கழற்ற வேண்டாம், அந்த ஈரக்காற்று சென்சார் வரை போகும்.